பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

சந்துருவுக்கு,

மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை மதியம், நியூ டவுனில் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததாக நீ நினைத்திருப்பாய். படிக்கவில்லை. சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. நீயும் வித்யாவும் மெல்லத்தான் பேசினீர்கள். ஆனால் பதினோராம் மாடியில் தெருச் சத்தம் எட்டுவதில்லை என்பதால் மெல்லப் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது. எழுந்து பால்கனிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளப்போகும் தவறுகளில் இதுதான் மிகச் சிறியது.

வித்யாவை இரண்டு வருடத்துக்கு வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப அவள் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள் என்பதும், குழந்தை வேண்டுமென்றால் இனிமேல் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பதும், இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீ அவளிடம், "உனக்கு ஆசை இருக்கா இல்லையா, அதை முதல்ல சொல்லு" என்றாய். அவள் ஏதோ பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆசையைக் கேக்காத. யாரு இருக்காங்கன்னு சொல்லு. ஜம்ஷெட்பூர்ல அப்பாவைப் படுக்கையில விட்டுட்டு எங்கம்மாவால ஒரு நாள்கூட வர முடியாது. உங்கம்மா இல்ல. லீவு முடிஞ்சா நான் காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும். யாரு கையில குடுத்துட்டுப் போவேன்? ஆயா கையிலயா? அந்த ஆயாவை யாரு பாத்துப்பாங்க?" என்றாள். நீ சொன்னாய்: "யாரும் இல்லதான்."

நான் அங்கிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. அன்று சாப்பிடும்போது சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வித்யா, "மாமா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். "போதும்மா" என்றேன். அன்று உங்கள் வீட்டில் நான் பேசியது அவ்வளவுதான். உல்டாடாங்கா வரை ஆட்டோவிலும் அங்கிருந்து பவானிபூர் வரை பேருந்திலும் வந்துகொண்டே யோசித்தேன். நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று வீடு வந்து சேர்வதற்குள் புரிந்துவிட்டது. முப்பது வருடம் என்னைப் பார்த்து வளர்ந்தவன் வேறு எப்படிச் சொல்வான்?

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவு வராது. நேரில் சொல்ல நிச்சயமாக வராது. ஆங்கிலத்தில் எழுதினால் என் கை தானாகவே அலுவலகக் கடிதம் எழுதிவிடும். அதனால் அம்மா உனக்குக் கற்றுக்கொடுத்த தமிழில் எழுதுகிறேன். வித்யா தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாள் என்பது தெரியும். நீயே அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டு. கூச்சப்பட்டு எதையும் விட்டுவிடாதே. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.

உன் இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பிலிருந்து தொடங்குகிறேன். நீ கேட்ட போதெல்லாம் படியில் விழுந்ததாகச் சொல்லி வந்திருக்கிறோம். நீ படியில் விழவில்லை. அப்போது உனக்கு ஒன்பது மாதம். ஒரு சனிக்கிழமை மதியம் அம்மா பல் வலிக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் உன்னைக் கட்டிலின் நடுவில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்துவிட்டு, மேஜையில் உட்கார்ந்து புதிய ரயில்வே கால அட்டவணையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ரயில்வே தலைமை அலுவலகத்தில் கால அட்டவணைப் பிரிவில் வேலை செய்தவனுக்கு வருடத்தில் அந்த இரண்டு மாதம் வேறு உலகம் கிடையாது. இரண்டு தலையணை போதும் என்று நினைத்தேன். நீ தலையணைமேல் ஏறி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டிரங்குப் பெட்டியின் விளிம்பில் விழுந்தாய்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் உன்னைத் தூக்கவில்லை. எழுந்து நின்றேன். ரத்தம் தெரிந்தது. நீ வீரிட்டு அழுதாய். என் கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. தூக்கினால் இன்னும் ஏதாவது கெட்டுவிடும் என்று பயம். கீழ்வீட்டு வங்காளி மாசிமா அழுகுரல் கேட்டு இரண்டு மாடி ஏறி வந்து, என்னைத் தள்ளிவிட்டு உன்னை எடுத்து, முந்தானையால் நெற்றியை அழுத்திப் பிடித்தபடி தெருக்கோடி டாக்டரிடம் ஓடினார். நான் உன் போர்வையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். இரண்டு தையல் போட்டார்கள். அம்மா திரும்பி வந்து பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, குளிக்கப் போகும்போதுகூட உன்னை என்னிடம் விட்டுவிட்டுப் போனதில்லை. உன்னைத் தொட்டிலோடு குளியலறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அம்மாவின் பள்ளி விடுப்பு முடியும் சமயம் அது. லேக் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அவள் கணக்கு ஆசிரியை என்பது உனக்குக் கேள்விப்பட்ட செய்தியாகத்தான் இருக்கும். நீ நினைவு தெரிந்து பார்த்த அம்மா எப்போதும் வீட்டில் இருந்தவள். ஆனால் உன் ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து மாதம் அவள் தினமும் காலை ஒன்பது மணிக்கு மடிப்புக் கலையாத பருத்திப் புடவையில் வேலைக்குப் போனாள். மாசிமாதான் தாமாகவே வந்து சொன்னார்: "ஜெயா, கொண்டுவந்து கீழே விட்டுட்டுப் போ. நாலு பெத்தவ நான். அஞ்சாவதா இது இருந்துட்டுப் போகட்டும்." அங்கே நீ தவழ்ந்தாய், நின்றாய். நீ முதலில் பேசிய சொல்கூட வங்காளிதான். தண்ணீரைக் காட்டி "ஜோல்" என்றாய். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அம்மா, "இன்னொண்ணு பெத்துக்கலாமா?" என்று கேட்டாள். அவள் குரல் அவ்வளவு ஆசையோடு இருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. "பொண்ணா இருந்தா நல்லா இருக்கும். கீழ மாசிமா இருக்காங்க. ரெண்டும் சேர்ந்து வளந்துடும்" என்றாள். நான் "பார்க்கலாம்" என்றேன். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த டிரங்குப் பெட்டியின் விளிம்பு கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு குழந்தை என்றால் இரண்டு மடங்கு பயம். பயம் வந்தால் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள். நான் அட்டவணை போடுவேன்.

அலுவலகத் தட்டச்சுப் பொறியில், நீளத் தாளில், ஒன்பதே காலிலிருந்து ஒன்றரை மணி வரை நீ என்ன செய்ய வேண்டும் என்று அடித்தேன். பால் எப்போது, தண்ணீர் எப்போது, வெயில் எப்போது, தூக்கம் எப்போது. நான்கு பத்திகள். நேரம், செய்ய வேண்டியது, செய்ததற்கு அடையாளம், கடைசியில் 'தாமதம் ஏற்பட்டிருந்தால் காரணம்'. அந்தக் கடைசிப் பத்தி ரயில்களுக்காக நாங்கள் வைத்திருந்தது. கை பழக்கத்தில் அதையும் சேர்த்துவிட்டேன். எனக்கு வங்காளி எழுதத் தெரியாது என்பதால் எல்லாம் ஆங்கிலம். ஓர் அட்டையில் வைத்துக் கவ்வி போட்டு, கயிற்றில் பென்சில் கட்டி மாசிமாவிடம் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது மரியாதை என்று நினைத்தேன். எனக்கு முக்கியமான எதையும் நான் அப்படித்தான் செய்வேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ருட்டினா?" என்று மட்டும் கேட்டார். இங்கே பள்ளிக்கூடத்துப் பாடவேளைப் பட்டியலுக்கு அதுதான் பெயர்.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. சாயங்காலம் நான் படியேறும்போது, உள்ளே அவருடைய கணவர் அதை வாசித்துக் காட்டுவது கேட்டது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மா, பத்து நாப்பதுக்கு ஏன் தண்ணி குடுக்கல? காரணம் எழுது" என்றான் ஒருவன். நான்கு பேர் சிரிப்பும் கேட்டது. மாசிமாவின் சிரிப்பு கேட்கவில்லை. மறுநாள் காலை முழங்கால் வலி என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அட்டை திரும்பி வந்தது. ஒரு கட்டத்தில்கூட எழுத்து இல்லை. அம்மா அதை அப்போதுதான் பார்த்தாள். முழுதும் படித்துவிட்டு என்னிடம், "அவங்க என்ன உங்க ஸ்டேஷன் மாஸ்டரா?" என்று கேட்டாள்.

கீழே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்கு முப்பத்திரண்டு படிகள். வங்காளியில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு மூன்று முறை இறங்கினேன். ஒரு முறை பதினெட்டாம் படி வரை போனேன். உள்ளே விருந்தாளிகள் குரல் கேட்டது, திரும்பிவிட்டேன். பிறகு பூஜை விடுமுறை வந்தது. விஜயதசமி அன்று ஒருவருக்கொருவர் கைகூப்பினோம், இனிப்பு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அத்தோடு சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகவில்லை. அந்த விடுமுறை முடிந்ததும் அம்மா வேலையை விட்டாள். ஒரு வருடம் கழித்து நானே வாய் திறந்து, "இன்னொரு குழந்தை பத்திச் சொன்னியே" என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "யாரை நம்பி?" என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. நீ ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தது எங்கள் தீர்மானம் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லிவைத்தோம். யாரும் உட்கார்ந்து எடுத்த தீர்மானம் அல்ல அது. கீழ்வீட்டுக் கதவு சாத்தியதும் அவள் ஆசையும் உள்ளே போய்விட்டது.

அதனால்தான் வித்யா சொன்னது என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. ஆசை முதலில் வரும், ஏற்பாடு பிறகு வரும் என்று நாம் ஆண்கள் நினைத்துக்கொள்கிறோம். நீயும் அன்று அதைத்தான் கேட்டாய். ஆனால் நான் கண்ணால் பார்த்தது வேறு. தாங்கிக்கொள்ள ஒரு கை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உன் அம்மாவுக்குக் கேட்கவே தோன்றியது. அந்தக் கை போனதும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். வித்யாவுக்கு ஆசை இல்லை என்று நீ நினைத்துவிடாதே. ஆசை உண்டு என்றும் நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. அவள் தன்னையே கேட்டுப் பார்க்க இதுவரை இடம் கிடைக்கவில்லையோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா நோயில் படுத்த கடைசி நான்கு மாதம் உனக்கு நினைவிருக்கும். நீ கல்லூரி முடிக்கும் வருடம். அப்போது மாசிமா மறுபடி படியேறி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மீன் பட்ட பாத்திரம் வேண்டாம் என்று புதிதாக ஒரு சின்னப் பாத்திரம் வாங்கி, அதில் மட்டும் கஞ்சி வைத்து எடுத்துவருவார். அட்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு மதியம் அவர் போன பிறகு அம்மா என்னிடம், "சந்துருவுக்கு யாரும் இல்லாம போயிடக் கூடாது" என்றாள். "நான் இருக்கேனே" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கேலியும் இல்லை. ஒரு குழந்தை பெரிய வார்த்தை சொன்னால் பார்ப்போமே, அப்படிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. இந்த ஐந்து வருடத்தில் நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாதம் இரண்டு ஞாயிறு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன். போன நவராத்திரிக்கு லேக் பக்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டுக் கொலுவுக்கு நாம் மூவரும் போனோமே, அங்கே இரண்டு மாமிகள் வித்யாவைப் பிடித்துக்கொண்டு, "என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?" என்றார்கள். "வேலை ஜாஸ்தி மாமி" என்று அவள் சிரித்தாள். "வேலை எங்க ஓடிடும்? வயசுதான் ஓடும்" என்றார் ஒருவர். நான் பக்கத்தில் சுண்டல் தொன்னையோடு நின்றிருந்தேன். வித்யா என்னை ஒரு முறை பார்த்தாள். நான் சுண்டலைப் பார்த்தேன். உன் பெரியத்தை மயிலாப்பூரிலிருந்து மாதாமாதம் தொலைபேசியில், "நல்ல டாக்டரா பாக்கச் சொல்லுடா. நீ அப்பன். நீதான் சொல்லணும்" என்பாள். "சரிக்கா" என்பேன். "நீ வந்து ஆறு மாசம் கூட இருப்பியா அக்கா?" என்று ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் முழங்கால், சர்க்கரை, பூனை என்று அடுக்கியிருப்பாள். விசாரிப்பதற்கு எத்தனை பேர் என்று பார், சந்துரு. வித்யாவைச் சுற்றி அத்தனை பேர் நின்று விசாரிக்கிறார்கள். நான் விசாரிக்கவில்லை, அதனால் நான் நல்லவன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாரிக்காமல் சும்மா நிற்பவனால் அவளுக்கு என்ன பயன்?

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கீழே இறங்கினேன். மாசிமாவுக்கு எண்பதை நெருங்குகிறது. பேத்தி மிட்டு பிரசவத்துக்கு வந்து இங்கேயே இருக்கிறாள். இரண்டு மாதப் பெண் குழந்தை. கட்டிலில் உட்கார்ந்து மாசிமா குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன ரெயில்பாபு, கீழ்வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். என்னை அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார். நான் அவரை அண்ணி முறையில் பௌதி என்பேன்.

"பௌதி, அந்தக் காகிதம் குடுத்தது என் தப்பு" என்றேன். மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் இதைவிட நீளம். வரவில்லை.

"எந்தக் காகிதம்?"

அவருக்குத் தெரியும். என் வாயால் வரவேண்டும் என்று பார்த்தார். "பென்சில் கட்டிக் குடுத்தேனே."

எண்ணெய்க் கையை நிறுத்தாமல் சொன்னார்: "முப்பது வருஷம் லேட்டு. காரணம் எழுதிக் கொண்டுவந்தியா?"

மிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அவர் குரல் மாறியது. "எனக்குக் கோபம் காகிதத்துக்கு இல்ல. பசங்க சிரிச்சாங்க, சிரிச்சிட்டுப் போகட்டும். மறுநாள் நீ கீழ வருவேன்னு இருந்தேன். வரல. ஜெயா வந்தா. அந்தா, அந்த வாசப்படியில உக்காந்து அழுதா. உன்கிட்ட சொன்னாளா?"

சொல்லவில்லை. எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா அழுது நான் பார்த்ததே சில முறைதான். மேலே நான் வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரத்தில் அவள் கீழே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"இப்ப எதுக்கு வந்த?" என்றார் மாசிமா. "குழந்தையைப் பாத்துக்கக் கத்துக்கணும்" என்றேன். உங்கள் விஷயம் எதையும் சொல்லவில்லை. இந்த ஒன்றில் நீ என்னை நம்பலாம். அவரும் கேட்கவில்லை, ஆனால் புரியாதவர் அல்ல. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து குழந்தையை என் கையில் வைத்துவிட்டார். எண்ணெய் வழுக்கியது. "கை நடுங்குது பௌதி" என்றேன். "நடுங்கட்டும். கீழ போடாத, அவ்வளவுதான்" என்றார்.

மூன்று வாரமாகத் தினமும் காலை பத்திலிருந்து ஒன்று வரை அங்கேதான் இருக்கிறேன். என் சட்டை இரண்டு வீணாகிவிட்டது. பால் குடித்த பிறகு தோளில் போட்டு முதுகைத் தட்டத் தெரியும். துணி மாற்றத் தெரியும். முதல் வாரம் குழந்தை அழுதபோதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தேன். மாசிமா, "அங்க என்ன பாக்கற? அவ என்ன மெயில் வண்டியா, நேரத்துக்கு அழ? முகத்தைப் பாரு" என்று அதட்டினார். இப்போது முகத்தைப் பார்க்கிறேன். பசி அழுகை வேறு, தூக்க அழுகை வேறு என்று பாதி நேரம் தெரிகிறது. மீதி நேரம் தெரியவில்லை. போன வியாழக்கிழமை மிட்டு குளிக்கப் போகும்போது, யாரிடமும் கேட்காமல் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிடம். மாசிமாவும் சமையலறையில் இருந்தார். எனக்கு வேர்த்து முதுகெல்லாம் நனைந்துவிட்டது. குழந்தை தூங்கிவிட்டது. மிட்டு வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கறீங்களா தாத்தா, நான் சாப்பிட்டுடறேன்" என்றாள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தப் பதவி உயர்வும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

இனி, என்னால் எது முடியும், எது முடியாது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. கண் அறுவை சிகிச்சை முடிந்து பார்வை சரியாக இருக்கிறது. சர்க்கரை இல்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் உங்கள் வீட்டில் லிஃப்ட் உண்டு. பகலில் ஆயா ஒருத்தியை வைத்தால் அவளோடு நான் இருப்பேன். அந்த ஆயாவை யார் பார்ப்பது என்று வித்யா கேட்டாளே, நான் பார்ப்பேன். அவளையும் பார்ப்பேன், குழந்தையையும் பார்ப்பேன். குழந்தையைக் குளிப்பாட்ட எனக்குத் துணிவு இல்லை, அதை ஆயா செய்யட்டும். இரவில் விழித்திருக்க என்னால் ஆகாது. அது நீ செய்ய வேண்டியது, வித்யா மட்டும் அல்ல. நான் செய்யாமல் விட்டதை நீயும் விடாதே. காய்ச்சல் வந்தால் பயப்படுவேன், உடனே உங்களைக் கூப்பிடுவேன், அடிக்கடி கூப்பிடுவேன், சலித்துக்கொள்ளக் கூடாது. நான் நியூ டவுனுக்கு வந்துவிடுவதா, நீங்கள் பவானிபூருக்கு வருவதா என்பது உங்கள் விருப்பம். எனக்கு இந்த வீட்டை விட்டு வருவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். கஷ்டம் உண்டு. வருவேன்.

அம்மா இருந்திருந்தால் நீங்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். பார்த்துக்கொள்ள ஆள் என்று எண்ணும்போது யாருமே ஒரு கிழவனை எண்ணுவதில்லை. நானே என்னை எண்ணவில்லையே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் நியாயம்தான். ஐந்து வருடம் திடமாக இருப்பேன் என்று சொல்ல ஆசை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மாசிமாவிடம் நான் கேட்கத் தயங்கியதுபோல நீங்கள் உங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தயங்க வேண்டாம். அவர்கள் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது என்று போன மாதம் சொன்னாய். போய்க் கதவைத் தட்டிப் பெயரைக் கேள். அது குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம்.

வித்யா, இது உனக்கு. இந்தக் கடிதம் உன்னை ஒரு பக்கம் தள்ளுவதற்காக எழுதியது அல்ல. கொலுவில் அந்த மாமி கேட்டபோது வாய் மூடி நின்ற மனிதன் இப்போது வாய் திறந்து அதே கேள்வியைக் கேட்கிறான் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. வெளிநாடு போக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் போய்விட்டு வாம்மா. விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்புவேன், யார் கேட்டாலும் என் மருமகள் பெரிய வேலையில் இருக்கிறாள் என்று சொல்வேன். குழந்தையே வேண்டாம் என்று உனக்குத் தோன்றினாலும் சரி, ஏன் என்று கேட்க மாட்டேன். உன் மாமியாருக்கு ஒரு நாள் ஒரு வார்த்தை வந்து, பிறகு அது வாயடைத்துப்போனது. உன் விஷயத்தில் அப்படி ஆகக் கூடாது என்பதுதான் என் ஆசை. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது நீ சொன்னதாக இருக்கட்டும், ஆள் இல்லாமல் போனதாக இருக்க வேண்டாம்.

சந்துரு, இதை நாளைக் காலை நானே எடுத்துவந்து கொடுப்பேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது. நீங்கள் இருவரும் கிளம்புவதற்கு முன் வந்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கே புறப்படுவேன். உள்ளே வந்து உட்கார்ந்து நீங்கள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்தத் துணிவு இல்லை. கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். என்ன முடிவு என்று நான் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டேன். தோன்றும்போது நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒருவேளை குழந்தை வந்து, நான் அங்கே வந்து இருக்கும்படி ஆனால், முதல் வாரம் நான் நிறைய தவறு செய்வேன். பால் அதிகச் சூடாக இருக்கும், துணியைத் தப்பாகக் கட்டுவேன், குழந்தை அழும்போது நான் திகைத்து நிற்பதை நீங்கள் பார்ப்பீர்கள். பாவம், வயதானவர், வேண்டாம், ஓய்வெடுக்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அப்போது தயவுசெய்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இரண்டாம் வாரம் வரை இருக்க விடுங்கள்.

அப்பா